காளான் வாங்கிட்டு வரட்டுமா, டாக்டர்?

புற்றுநோயால் அவதிப்படும் மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார் அவர்: "கொடைக்கானல் காளான் சாப்பிட்டா வலியும் சாவு பயமும் போயிடுமாமே டாக்டர்? வாங்கிட்டு வரட்டுமா?"

வலி மருத்துவரான எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவர் சொன்னது போதைக் காளானை. கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை.

1964-இல் சிகாகோவில் எரிக் காஸ்ட் என்ற மருத்துவர், கடும் நோயிலிருந்த 50 பேரிடம் காளானைப் போலவே மாயக்காட்சிகளை உண்டாக்கும் எல்.எஸ்.டி.யை இரண்டு ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிமருந்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்.எஸ்.டி. தந்த வலிநிவாரணம்தான் நீண்ட நேரம் நின்றது. பிறகு சட்டத் தடைகள் வந்து இந்த ஆய்வுகள் பல பத்தாண்டுகள் முடங்கின. 2016-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு, புற்றுநோயோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்திருந்த 51 பேருக்கு சைலோசிபின் கொடுத்தது. ஆறு மாதம் கழித்தும் சுமார் 80% பேருக்கு அந்தத் தவிப்பு குறைந்தே இருந்தது. போதைக் காளானில் இருப்பதும் இதே சைலோசிபின்தான்.

ஆனால் அங்கே கொடுத்த விதத்தைக் கேளுங்கள். அளந்து தயாரித்த மாத்திரை. மருந்துக்கு முன்பே பலமுறை பேசிப் பழகிய இருவர் அன்று முழுக்கப் பக்கத்திலேயே இருப்பார்கள். சோபாவில் படுத்து, கண்ணை மூடி, காதில் இசையோடு ஆறேழு மணி நேரம். ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பார்கள். அனுபவித்ததைப் பேசித் தெளிய, பிறகும் சந்திப்புகள் உண்டு. மனச்சிதைவு நோய் உள்ளவர்களையும், அது குடும்பத்தில் இருப்பவர்களையும் ஆய்வில் சேர்க்கவே மாட்டார்கள். என் கணக்கில் இத்தனையும் சேர்ந்ததுதான் மருந்து. மலையில் வாங்கும் பொட்டலத்தில் எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

இத்தனை கவனத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2022-இல் 233 மனச்சோர்வு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் 25 மில்லிகிராம் சைலோசிபின் பலன் தந்தது. சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்தது. லித்தியம் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர்கள் சைலோசிபின் சாப்பிட்டு வலிப்பு வந்த சம்பவங்கள் உண்டு. இந்தியாவில் சைலோசிபின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது.

அவரிடம், "அம்மா ராத்திரி தூங்குறாங்களா?" என்று கேட்டேன். ஒரு மாதமாக இல்லையாம். மார்ஃபின் மாத்திரையை, அடிமையாகிவிடுவாரோ என்று பயந்து, பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பயம் வேண்டாம் என்று விளக்கி, அளவைச் சரிசெய்தோம். பிறகு அந்த அம்மாவை உள்ளே அழைத்து, எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று கேட்டேன். அதுவரை யாருமே அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

காளான் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நாங்கள் கேட்பது திட்டுவதற்கல்ல, எழுதித்தரும் மருந்து அதோடு மோதிவிடக் கூடாது என்பதற்காக.