ரப்பர் எப்படிச் சாகிறது?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். கார் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறதாம். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழியில், பாம்பன் பாலத்தில் வண்டி மெதுவாக ஊரும்போது மட்டும் கடல்காற்றையும் மீறி எண்ணெய் கருகும் வாடை வருகிறது. பானெட்டைத் திறந்தால் இன்ஜினின் உச்சியில் இருக்கும் மூடியைச் சுற்றி ஆயில் கசிந்து, புழுதி ஒட்டி, கருப்பாகப் படிந்திருக்கிறது. "போல்ட்டை மூணு தடவை இறுக்கியாச்சு. இறுக்க இறுக்கக் கசிவு கூடுதே தவிர குறையலை. ஏன்?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த மூடியை நம் பக்கத்து மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்பார்கள். வால்வு கவர் என்றாலும் அதுதான். அதற்குள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு சுழல்கிறது, ஆயில் நாலாபக்கமும் தெறிக்கிறது. மூடிக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவே சுற்றிவர ஓடும் ரப்பர் நாடாதான் பேக்கிங், அதாவது கேஸ்கெட். அது விட்டுப்போனால் ஆயில் வழிந்து, பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் எக்ஸாஸ்ட் குழாய் மேல் சொட்டும். வாசகருக்கு வந்த வாடை அதுதான். தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு, அதனால் நாள் கடத்தக் கூடாது.

சில வருடங்களுக்கு முன் என் காருக்கும் இதே கோளாறு வந்தது. உச்சிப்புளியில் ஒரு மெக்கானிக் மூடியைக் கழற்றி, பழைய பேக்கிங்கை உருவி என் கையில் கொடுத்தார். "பேக்கிங் செத்துருச்சு சார். நகத்தால அமுக்கிப் பாருங்க" என்றார். அமுக்கினேன், நகம் இறங்கவில்லை. புதுப் பேக்கிங்கில் அமுக்கினால் பள்ளம் விழுந்து, விரலை எடுத்ததும் மேலே எழும்பி வந்தது. புதியதின் விளிம்பில் உருண்டையான வரப்பு ஒன்று ஓடியது. பழையதில் அந்த வரப்பு இருந்த இடம் தட்டையாக, சாணை பிடித்ததுபோல் பளபளத்தது. லேசாக வளைத்தபோது 'டக்'கென்று ஒடிந்தது.

ரப்பர் செத்துப்போச்சு என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். உயிர் என்று நாம் சொல்வது எது, அது எப்படிப் போகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அது இன்றுவரை என்னைப் பரவசப்படுத்தும் விஷயம்.

முதலில், பேக்கிங் ஆயிலை எப்படி நிறுத்துகிறது? இடுக்கை அடைத்துக்கொண்டு நிற்பதால் மட்டும் இல்லை. மூடியை இறுக்கும்போது அது ஓரளவு நசுங்குகிறது. நசுங்கியது பழைய உயரத்துக்கு எழும்பப் பார்க்கிறது. மேலே மூடியையும் கீழே ஹெட்டையும் இரவு பகலாக அது தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் ஆயிலுக்கு வழி கிடைப்பதில்லை. என்றைக்குத் தள்ளுவதை நிறுத்துகிறதோ, அன்றைக்குக் கசிவு தொடங்கும்.

இந்தத் தள்ளல் இரும்புச் சுருளின் தள்ளல் மாதிரி இல்லை. ரப்பருக்குள் இருப்பவை நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். மணலில் கிடக்கும் ஒரு பந்து தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பைப் பாருங்கள். முனையைப் பிடித்து இழுத்தால் நேராகும், ஆனால் நேராக இருக்க ஒரே ஒரு வழிதான். கசங்கிக் கிடக்கவோ கோடிக்கணக்கான வழிகள். வெப்பத்தால் ஓயாமல் துடிக்கும் சங்கிலி, வாய்ப்பு அதிகமுள்ள கசங்கல் நிலைக்கே திரும்பத் திரும்ப வரும். ரப்பரை அமுக்கினால் அது பக்கவாட்டில் இழுபடுகிறது, சங்கிலிகளும் நீள்கின்றன. அவை மறுபடி கசங்கத் துடிப்பதுதான் நம் விரலை மேலே தள்ளுகிறது. அதாவது ரப்பரின் உயிர் என்பது வெப்பத்தின் துடிப்பு!

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அகலமான ரப்பர் பேண்டை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுங்கள், லேசாகச் சுடும். இழுத்தபடி சில நொடி வைத்திருந்து தளர்த்துங்கள், குளிரும். இதைக் கண்டு 1805இல் எழுதி வைத்தவர் ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர். சிறு வயதில் அம்மையால் பார்வை இழந்தவர், அணுக்கொள்கை தந்த டால்டனுக்கு வழிகாட்டியாக இருந்தவர். பார்வை இல்லாத ஒருவர் உதட்டின் தொடு உணர்வால் கண்டுபிடித்தார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும். இன்னொன்றையும் அவர் கவனித்தார்: எடையைக் கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்குகிறது. சூடு ஏறினால் துடிப்பு ஏறும், துடிப்பு ஏறினால் இழுப்பு ஏறும்.

சரி, சங்கிலிகள் மட்டும் இருந்தால் ரப்பர் வழுக்கி ஒழுகிவிடுமே? அதற்குத்தான் முடிச்சுகள். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது, சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் முடிச்சுப் போட்டது. முடிச்சு விழுந்த பிறகு அது ஒரு வலை. எவ்வளவு நசுக்கினாலும் தன் பழைய வடிவம் வலைக்குத் தெரியும், ஏனென்றால் முடிச்சுகள் எந்த வடிவத்தில் விழுந்தனவோ அதுதான் அதன் இயல்பு வடிவம். இன்ஜின் பேக்கிங் செய்யும் செயற்கை ரப்பர்களில் எல்லா முடிச்சும் கந்தகம் இல்லை, ஆனால் கதை இதேதான்.

இப்போது அந்த வலையை நசுக்கிய நிலையிலேயே நூறு டிகிரிக்கு மேல் வருடக்கணக்கில் வைத்திருங்கள். சூட்டில் சில முடிச்சுகள் அவிழும். சில சங்கிலிகள் அறும். காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே புகுந்து புது முடிச்சுகளைப் போடும். அந்தப் புது முடிச்சுகள் எந்த வடிவத்தில் விழுகின்றன? நசுங்கிய வடிவத்தில்! பழைய முடிச்சுகள் எழும்பச் சொல்லும், புது முடிச்சுகள் இப்படியே இருக்கச் சொல்லும். புதியவை பெருகப் பெருக, நசுங்கிய வடிவமே வலையின் இயல்பு வடிவமாகிவிடுகிறது. மூடியைக் கழற்றினாலும் எழும்பாது, ஏனென்றால் எழும்ப வேண்டிய உயரம் எது என்பதே அதற்கு மறந்துபோயிருக்கும். முடிச்சுகள் நெருக்கமானதால் சங்கிலிக்குத் துடிக்க இடமில்லை. அதனால்தான் கல்லாக இறுகி ஒடிகிறது. பத்து டிகிரி கூடினால் இந்த வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுக்கணக்கு. சித்திரை வெயிலில் ஏசியும் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசலில் நிற்கும் இன்ஜினின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி இறுக்கியும் ஏன் நிற்கவில்லை என்பது எளிது. செத்த ரப்பர் இறுக்கினால் நசுங்கும், திருப்பித் தள்ளாது. போல்ட் இருக்கும் இடத்தில் மூடி கீழே வளையும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே மேலே தூக்கும். அந்த இடைவெளியில்தான் ஆயில் வெளியேறும். இந்த வகை போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும்: 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் ஐந்து கிலோ அரிசிப்பையைத் தொங்கவிட்ட அளவு. கையின் முழு பலத்தையும் காட்டினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும்.

பேக்கிங் மாற்றுவது பெரிய வேலை இல்லை. இன்ஜின் நன்றாக ஆறட்டும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் குழாய்களையும் கழற்றி, பத்தாம் நம்பர் சாவியால் போல்ட்டுகளை எடுத்து, மூடியைத் தூக்கி, இரண்டு பக்கமும் கீறாமல் துடைத்து, புதியதைப் பள்ளத்தில் உட்கார வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் குழிகளைச் சுற்றியுள்ள வளையங்களையும் கூடவே மாற்றிவிடுங்கள். கம்பெனி சொன்ன மூலைகளில் மட்டும் சிலிக்கான் பேஸ்ட். அது காய்வது வெயிலால் இல்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. நம் கடற்கரைக் காற்று அதற்கு நல்ல துணை. சைக்கிள் டியூபை வெட்டிப் போடாதீர்கள். இயற்கை ரப்பர் ஆயிலைக் குடித்து ஊதிவிடும்.

அதே கடற்காற்று போல்ட்டுக்கு எதிரி. இரும்பு போல்ட், அலுமினிய ஹெட், நடுவே உப்பு ஈரம்: அப்படியே ஒரு மின்கலம். அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடி பூக்கும், போல்ட் பிடித்துக்கொள்ளும். வலுக்கட்டாயமாகத் திருகாமல் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை அளந்து வருகிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நமக்குக் கிடைத்த நிறுவனம் அது. வருடக்கணக்கில் காத்திருந்து எடுக்கும் அளவீடுகளுக்குப் பத்திரிகையில் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை, பணமும் எளிதில் கிடைப்பதில்லை. பாம்பன் பாலத்தையும் நம் படகுகளையும் காப்பது அந்தப் பொறுமைதான். அதற்கு அரசு தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண் திருஷ்டி என்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டிவிட்டு, இரண்டு மாதம் கருகல் வாடையோடு வண்டி ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் பிள்ளைகள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

கீழக்கரை வாசகர் மூடியைக் கழற்றும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் ஓரமாக நழுவும் வாயுவை வெளியேற்றும் குழாயும் அதிலுள்ள சிறு வால்வும் அடைத்திருந்தால், உள்ளே அழுத்தம் ஏறிப் புதுப் பேக்கிங்கையும் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். அதைச் சுத்தம் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாற்றிய பிறகும் ஓரிரு பயணத்துக்கு வாடை இருக்கும். அது எக்ஸாஸ்ட்டில் ஏற்கனவே படிந்த ஆயில் எரிவது, பயந்துபோய் மறுபடி இறுக்க வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வெள்ளைத் துணியால் மூடியின் விளிம்பைச் சுற்றிவரத் துடைத்துப் பாருங்கள்.