பல் உடைந்த கடிகாரச் சக்கரம்: வெட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் என் வீட்டின் பின்கட்டுப் பட்டறைக்குப் பழைய சுவர்க் கடிகாரங்களைக் கொண்டு வருவோரில் பலர், "ஒரு பற்சக்கரம் மட்டும் போய்விட்டது, புதிதாக ஒன்று வெட்டிக் கொடுங்கள்" என்றே கேட்கிறார்கள். அண்மைக் காலமாக, சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கி வீட்டிலேயே சக்கரம் வெட்டிப் பார்ப்பவர்களும் ஆலோசனைக்கு வருகிறார்கள். அந்த ஆர்வத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால், பல் உடைந்த காரணம் தெரியாமல் வெட்டிய சக்கரம் மீண்டும் உடையும். உடையும்போது பக்கத்தில் நல்ல நிலையில் இருந்த இன்னொரு பாகத்தையும் கெடுத்துவிடும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அம்மா, மாமனார் வாங்கிய, ஒருமுறை சாவி கொடுத்தால் 8 நாள் ஓடும் கடிகாரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "மாமா இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாவி கொடுப்பார் தம்பி. போன வருஷம் ஒரு இடத்தில் பழுது பார்த்தோம், நாலு மாதம்கூட ஓடவில்லை" என்றார். திறந்து பார்த்தபோது நடந்தது விளங்கியது. நம் ஊரின் ஈரக் காற்றில் துருப்பிடித்திருந்த மெயின் ஸ்பிரிங், முழுச் சாவி கொடுத்த நிலையில் அறுந்திருக்கிறது. அப்போது ஸ்பிரிங் அடங்கிய பீப்பாய் எதிர்த்திசையில் துள்ளித் தன் பற்களில் இரண்டை இழந்ததோடு, அதனுடன் பிணைந்த பினியனின் (சிறு பற்சக்கரத்தின்) அச்சுமுனையையும் வளைத்துவிட்டது. முன்பு பழுது பார்த்தவர் ஸ்பிரிங்கை மாற்றி, பல் போன இடத்தில் ஈயப்பற்றை நிரப்பி, அரத்தால் பல் வடிவில் தேய்த்திருந்தார். வளைந்த முனை அவர் கண்ணில் படவில்லை. கடிகாரத்திலேயே மிக அதிக விசை தாங்கும் இடத்தில் மென்மையான ஈயம் எப்படி நிற்கும்? அது பெயர்ந்தபோது அடுத்திருந்த இரண்டு பற்களும் சேர்ந்து போயின. பற்றுவைக்கப் பூசிய அமிலத்தைக் கழுவாமல் விட்டதால் எஃகுப் பினியனும் துருவேறியிருந்தது.

நான் முதலில் சக்கரத்தைத் தொடவில்லை. அச்சுமுனையை நேராக்கி, பினியனின் துருவை நீக்கி மெருகேற்றி, அச்சுமுனை சுழன்று தேய்ந்து நீள்வட்டமாகிப் போன துளைக்குப் புது உறை போட்ட பிறகே அளவெடுக்கத் தொடங்கினேன்.

மிஞ்சியிருந்த பற்கள் 68, போனவை 4, ஆக 72. வெளிவிட்டம் வெர்னியரில் 52.2 மில்லிமீட்டர் காட்டியது. கடிகாரச் சக்கரங்களுக்குப் பல் எண்ணிக்கையுடன் சுமார் 2.76 கூட்டி, அந்தத் தொகையால் வெளிவிட்டத்தை வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவைக் குறிக்கும் எண், கிடைக்கும். இங்கே 0.698 வந்தது, தேய்மானத்தைக் கணக்கில் கொண்டால் 0.7. பீப்பாயின் பழைய பல்விளிம்பை மட்டும் கடைந்தெடுத்து, அதன்மேல் புதுப் பித்தளை வளையம் பொருத்தி, அதில் பல் வெட்டினேன். வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்கும் கருவியான டிவைடிங் ஹெட்டில், கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதில் 72 பற்களுக்குக் கைப்பிடியை ஒவ்வொரு முறையும் 18 துளை வட்டத்தில் 10 துளைகள் நகர்த்த வேண்டும். ஒரு துளை தவறினால் அரை டிகிரி பிசகும். ஒரு பல்லுக்கு உரிய இடமே 5 டிகிரிதான் என்பதால், கடைசிப் பல் மெலிந்தோ தடித்தோ நின்று அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வெட்டும் நேரத்தில் யாரையும் பட்டறைக்குள் பேச விடுவதில்லை. கண்ணாடி அணியாமல் வெட்டுவதுமில்லை. பித்தளைச் சீவல் ஊசிபோலத் தெறிக்கும்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இன்வொல்யூட் (பொது இயந்திரப் பற்களின் வளைவு) வடிவக் கட்டரை இதற்கு வாங்க வேண்டாம். பொது இயந்திரங்களில் பெரும்பாலும் சிறு சக்கரம் பெரியதை ஓட்டும். கடிகாரத்திலோ பெரிய சக்கரம்தான் சிறிய பினியனை ஓட்டுகிறது. அதற்கு உராய்வு குறைந்த சைக்ளாய்டு வடிவப் பல்லே பொருந்தும்.

முழுச் சக்கரமே காணாமல் போயிருந்தால் கணக்கு கைகொடுக்கும். 99.4 சென்டிமீட்டர் பெண்டுலம் விநாடிக்கு ஒருமுறை தட்டும். மணிக்கு ஒருமுறை சுற்றும் நடுச் சக்கரத்தில் 64, மூன்றாம் சக்கரத்தில் 60, இரு பினியன்களிலும் எட்டெட்டு, ஒரு பல்லுக்கு இரண்டு தட்டு தரும் கடைசிச் சக்கரத்தில் 30 பற்கள் என்றால், மணிக்குச் சரியாக 3,600 தட்டுகள். இவற்றில் எது தொலைந்தாலும் மற்றவற்றிலிருந்து அதன் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கலாம். மாறாக, ஒரே ஒரு பல் உடைந்திருந்தால் சக்கரத்தையே மாற்றாதீர்கள். அந்த இடத்தில் புறாவின் வால்போல அடி அகன்ற பள்ளம் வெட்டி, பித்தளைத் துண்டைச் செருகிப் பல்லாக அரமிடலாம்.

எதைச் செய்வதானாலும் ஸ்பிரிங்கின் விசையை அதற்கான சாவியால் மெல்ல மெல்ல இறக்காமல், சக்கரங்களைத் தாங்கும் தகடுகளைக் கழற்றவே கூடாது. விரல் எலும்பையே முறித்துவிடும். பற்களுக்கு எண்ணெய் விடும் பழக்கத்தையும் விடுங்கள். எண்ணெயில் ஒட்டும் தூசி பித்தளைப் பல்லில் பதிந்து, எதிரே உள்ள எஃகுப் பினியனையே அரமாகத் தேய்த்துவிடுகிறது. அச்சுமுனைகளுக்கு மட்டும் ஒரு சொட்டு போதும்.

அம்மாவின் கடிகாரத்தை இரண்டு வாரம் என் சுவரில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே ஒப்படைத்தேன். வளையத்தின் உட்பக்கம் ஆண்டையும் மாதத்தையும் பொறித்திருக்கிறேன். கடைந்தெடுத்த பழைய விளிம்புத் துணுக்குகளை ஒரு பையிலிட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். அடுத்துத் திறப்பவருக்கு எது பழையது, எது புதியது என்று அவை சொல்லும்.