வடாமைப் பொரிக்க வைப்பது அதில் மிஞ்சிய ஈரம்

நன்றாகக் காய்ந்த வடாமில் ஈரமே இருக்காது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஈரமே இல்லையென்றால் அது பொரியவே பொரியாது. சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்து கண்ணாடித் துண்டு போல இறுகிய பிறகும் அதன் எடையில் சுமார் 10 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் இறுகிய மாவு இளகுகிறது. அதே நொடியில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரிந்து அந்த மாவை ஊதிவிடுகிறது. ஆவி போனதும் மாவு மறுபடி இறுகி, கண் கண்ணாக நிற்கிறது.

இதற்கான வேலை கூழிலேயே தொடங்கிவிடும். அச்சில் பிழியும் வடாமுக்கு ஒரு டம்ளர் பச்சரிசி மாவு, ஊறவைத்த ஜவ்வரிசி கால் டம்ளர், தண்ணீர் 4 டம்ளர், பச்சைமிளகாய் 5, பெருங்காயம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு. தண்ணீர் கொதித்ததும் ஜவ்வரிசியைப் போட்டு, அது கண்ணாடி போல வெந்ததும் அரைத்த மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து, தீயைக் குறைத்து மாவைத் தூவிக் கிளற வேண்டும். ஏறக்குறைய 65 முதல் 80 டிகிரிக்குள் அரிசியின் மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து ஊதி உடைந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னல்தான் பின்னால் ஆவியைப் பிடித்துவைக்கும் சுவர். கூழ் வேகாவிட்டால் சுவர் இல்லை. காயும்போதே வடாம் பொடியும், எண்ணெயில் கல்லாகக் கிடந்து சிவக்கும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, மேலே பளபளப்பு வர வேண்டும். பாட்டிமார்கள் பார்க்கும் பதம் இதுதான், இதைவிட நல்ல சோதனை கிடையாது. மரவள்ளி ஜவ்வரிசி வடாமைக் கூடுதலாக விரியச் செய்யும்.

உப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கிலோ கூழ் காய்ந்தால் 200 கிராம்கூடத் தேறாது. உப்பு மட்டும் அப்படியே தங்கும். கூழ் வாயில் சப்பென்று இருந்தால்தான் வடாம் சரியாக இருக்கும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால், கூழை அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்ட பிறகே பிழிய வேண்டும். கொதிக்கும்போது விட்டால் புளிப்பு மாவுச்சத்தை அறுத்துக் கூழை நீர்க்க வைத்துவிடும்.

விடியும் முன்பே கிளறி, வெயில் ஏறும்போது மொட்டை மாடியில் விரித்த வேட்டியில் பிழிந்து முடிப்பது அவசியம். முதல் நாள் வெயில் தவறினால் ஈரக் கூழ் இரவுக்குள் புளித்துவிடும். மாலையில் வேட்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்தால் உரிந்து வரும். மறுநாள் திருப்பிப் போட வேண்டும்.

காக்காய் விரட்ட உட்கார வைத்த பிள்ளைகள் தின்பது அந்த முதல் நாள் மத்தியான வடாமைத்தான். மேலே தோல் கட்டி, உள்ளே இன்னும் கொழகொழவென்று, உப்பும் காரமும் நாக்கில் உறைக்கும். பெருங்காய வாசனை வந்தாலே அந்த மொட்டை மாடி நினைவுக்கு வருவதற்கு மூளையின் அமைப்பே ஒரு காரணம். பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் போகின்றன. மணமோ அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் நேராகப் போய்விடுகிறது. மணம் கிளப்பும் நினைவுகளில் 10 வயதுக்கு உட்பட்டவை அதிகம் என்று ஆய்வுகளும் காட்டுகின்றன.

காய்ந்த வடாமை ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் அதிகம். பொரித்தாலும் நடுவில் சவ்வாக நிற்கும். எண்ணெய் 190 டிகிரி அளவில் இருந்தால் போட்ட சில நொடிகளில் மேலே எழும்பும். சூடு போதாவிட்டால் மாவு இளகும் முன்பே ஆவி கசிந்து போய், அந்த இடத்தில் எண்ணெய் ஏறும். ஐப்பசி மழையில் டப்பாவுக்குள் ஈரம் புகுந்து வடாம் நமுத்திருந்தால், அடுத்த வெயிலில் ஒரு மணி நேரம் தட்டில் பரப்பி வைத்துவிட்டுப் பொரிக்கலாம்.