மாசி மகத்துக்கு லீவு கேட்டா கொடுங்க சார்

இந்த வருஷமும் அதே கதைதான். ஏழாவது படிக்கிற இருளர் பழங்குடிப் பையன், திருவொத்தியூர் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல இருக்கான், மாசி மகத்துக்குக் கூட்டிட்டுப் போக சித்தப்பா வந்து கேட்டிருக்காரு, பரீட்சை வருதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுநாள் விடியறதுக்குள்ள பையன் சுவரேறிக் குதிச்சு கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிட்டான், சொந்தக்காரங்க கிளம்பறதுக்குள்ள போய்ச் சேரணும்னு. அத்திப்பட்டுல பிடிச்சு "ஓடிப்போற பழக்கம் இருக்கு, கவுன்சிலிங் கொடுங்க"ன்னு என்கிட்ட அனுப்பினாங்க. எண்ணூர், மீஞ்சூர் பக்கம் பிள்ளைங்களோட வேலை பார்க்கிறவ நான், இந்த மாதிரி எத்தனை பிள்ளைங்களத்தான் பார்க்கிறது?

அவன் ஓடிப்போகல, தன் ஜனங்ககிட்ட போயிருக்கான். மாசி பௌர்ணமிக்கு எங்கெங்கயோ இருக்கிற இருளர் குடும்பங்க மாமல்லபுரம் கடற்கரைல கூடுவாங்க, புடவையையும் தார்ப்பாயையும் கட்டி ராத்திரி அங்கயே தங்கி, விடிகாலைல மணல்ல ஏழு படிக்கட்டு வச்சு கன்னியம்மாவக் கும்பிடுவாங்க. பொண்ணு பார்க்கிறது, கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் அந்த மணல்லதான். செங்கல் சூளை, ரைஸ் மில்லுன்னு பிரிஞ்சு போன சொந்தங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்க்கிறதே அன்னிக்குத்தான்.

"ஊர் வாசனையே படாம வளர்ந்தாதான் மேடம் முன்னேறுவாங்க"ன்னு சொல்றாங்க பாருங்க, படிச்சவங்க, நல்ல மனசு உள்ளவங்களே சொல்றாங்க, அதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஆத்திரமா வருது. அந்தக் குடும்பத்தக் கீழ தள்ளினது எது? அட்வான்ஸ் கொடுத்துட்டு ஆளையே கட்டிப்போட்ட முதலாளி, 1976ல கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தும் தீராத அந்தக் கடன், பட்டா இல்லாத குடிசை, கைக்கு வராத எஸ்.டி. சர்டிபிகேட். ஆயாவும் கன்னியம்மாவும் யாரையும் கீழ தள்ளல. ஊர அறுத்துவிட்டு வளர்க்கிற பிள்ளை என்ன ஆகுதுன்னு நான் பார்க்கிறேன், அம்மா பார்க்க வந்தா ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி "தெரிஞ்சவங்க"ன்னு சொல்லுது, வீடு எங்கன்னு கேட்டா பொய் சொல்லுது, லீவுக்குப் போனா சொந்த ஆயா பக்கத்துல உட்காரக் கூச்சப்படுது. ஊருக்குப் போய் வர்ற பிள்ளைக்கும் கிளாஸ்ல கேலி உண்டுதான், ஆனா நான் பார்த்த வரைக்கும் அது தலை நிமிர்ந்து பதில் சொல்லுது. இந்த வித்தியாசம் மார்க் ஷீட்ல தெரியாது.

சட்டமும் இதத்தான் சொல்லுது. 1992ல இந்தியா ஏத்துக்கிட்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையோட 30வது பிரிவு, பழங்குடிக் குழந்தை தன் ஜனங்களோட சேர்ந்து தன் பண்பாட்ட அனுபவிக்கிற உரிமைய மறுக்கக்கூடாதுங்குது.

இன்னொரு பக்கம் ஆண்டு விழாவுக்கு இலை தழை கட்டிவிட்டு ஆடச் சொல்றாங்க, தயவு செஞ்சு அத நிறுத்துங்க. "பாம்பு பிடிப்பியாடா"ன்னு கேட்கிறதையும் நிறுத்துங்க. அந்த வித்தையப் பத்தி மரியாதையா சொல்லணும்னா வடநெம்மேலில 1978லேர்ந்து இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தப் பத்திச் சொல்லுங்க, விஷமுறிவு மருந்து தயாரிக்க அங்கேர்ந்து விஷம் போறதச் சொல்லுங்க, 2023ல வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ வாங்கினதச் சொல்லுங்க. ஆனா எண்ணூர், பழவேற்காடு பக்கத்துல நிறைய குடும்பத்துக்குக் கை இறால்தான், அதாவது வலையில்லாம வெறுங்கையால இறால் பிடிக்கிறதுதான் பொழப்பு. ஒரு பொண்ணு என் ரூம் தரையில முட்டி போட்டு செஞ்சே காட்டுச்சு, பறியோட, அதான் பிடிச்ச இறாலப் போடற கூடையோட கயித்தப் பல்லால கடிச்சுக்கணும், ரெண்டு கையையும் விரிச்சு சேத்துல மெதுவா துழாவணும், "எங்க ஆயா கை பட்டதுமே இறாலா நண்டான்னு சொல்லிடும் மிஸ்". அதுவரைக்கும் என்கிட்ட வாயே திறக்காத பொண்ணு அது.

ஊருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பெத்தவங்ககிட்ட உட்கார்ந்து பேசுங்க. கடன் தகராறுல ஊர விட்டு வந்திருந்தா அந்த முதலாளி இன்னும் அங்க இருக்காரான்னு கேளுங்க, இருந்தா சொந்தக்காரங்கள வேற இடத்துல சந்திக்க வைங்க, கொத்தடிமையிலேர்ந்து மீட்ட குடும்பமா இருந்தா விடுதலைச் சான்றிதழோட ஒரு காப்பி கையில இருக்கட்டும். ஊரே கலைஞ்சு போயிருந்தாலும் பரவால்ல, ஜனங்க எங்க இருக்காங்களோ அங்க போகட்டும். பெரியவங்க இருக்கும்போதே தாத்தா, பூட்டன், அத்தை, மாமன்னு உறவுமுறைய எழுதி வாங்கி வைங்க, எந்த ஊரு, எந்த வட்டம்னும் சேர்த்து. கோட்டாட்சியர் ஆபீஸ்ல சர்டிபிகேட்டுக்கு விசாரிக்கும்போது உதவும். வேன் நிறைய ஆளும் கேமராவுமா போய் இறங்காதீங்க. பிள்ளைக்கு இப்போ போக இஷ்டமில்லன்னா கட்டாயப்படுத்தாதீங்க, அடுத்த லீவுல கேளுங்க.

மாசி மகம் எப்பன்னு காலண்டர்லயே இருக்கு, வருஷ ஆரம்பத்துலயே பார்த்து டெஸ்ட்ட நாலு நாள் தள்ளி வைக்கலாம். பத்தாவது, பன்னெண்டாவது பிள்ளைங்களுக்குப் பரீட்சையே அன்னிக்கு விழுந்தா சொந்தக்காரங்கள ஒரு நாள் முன்னாடியே ஹாஸ்டலுக்கு வரச் சொல்லி உட்கார்ந்து பேச விடுங்க. மத்த பிள்ளைங்களுக்கு லீவு லெட்டர்ல கையெழுத்து போடுங்க, கூட்டிட்டுப் போறவங்க நம்பர வாங்கிக்கிட்டு அனுப்பி வைங்க.