மூன்று சொட்டு நீர், பக்கத்தில் ஒரு ‘ச்சிங்’

சீன எழுத்துகளை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனிக் கோலமாகத்தான் தெரியும். சீன அரசு 2013இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மொத்தம் 8,105 எழுத்துகள் உண்டு. அடிப்படையான முதல் நிலையில் மட்டுமே 3,500. அத்தனை கோலங்களையும் எப்படி மனதில் வைப்பது என்று மலைப்பு வருவது இயல்புதான். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை. ஒரு துண்டு எதைப் பற்றிய சொல் என்று காட்டும், இன்னொன்று எப்படி ஒலிக்கும் என்று காட்டும்.

ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். மேலே மூன்று படுக்கைக் கோடுகள், அவற்றின் நடுவே இறங்கும் ஒரு நெட்டுக் கோடு, அடியில் நிலவைக் குறிக்கும் வடிவம். இதை ‘ச்சிங்’ என்று படிப்பார்கள். பச்சை, நீலம் இரண்டுக்கும் பொதுவான பழைய நிறச்சொல் இது. இதன் இடப்பக்கத்தில் மூன்று சிறு கீற்றுகள் போட்டால் ‘தெளிந்த’ என்று பொருள். அந்தக் கீற்றுகளுக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயரே ‘மூன்று சொட்டு நீர்’. நீருக்குப் பதில் மனதின் குறியை வைத்தால் உணர்வு. பேச்சின் குறியை வைத்தால் ‘தயவுசெய்து’. எல்லாமே ‘ச்சிங்’தான், குரல் ஏறி இறங்கும் விதம் மட்டும் மாறும்.

இப்போது கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டிய இடம். சூரியனின் குறி ஒரு கட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. கண்ணின் குறியும் அதே கட்டம்தான், உள்ளே இரண்டு கோடுகள். ‘ச்சிங்’கின் பக்கத்தில் சூரியன் வந்தால் மேகமில்லாத வானம், கண் வந்தால் கண்மணி. கோலமாக மனப்பாடம் செய்தவர் இந்த ஒற்றைக் கோட்டில் தடுக்கி விழுவார். துண்டுகளாகப் படித்தவருக்கு இரண்டும் வேறு வேறு எழுத்துகள்.

சரி, கண்மணிக்கு உச்சரிப்பு என்ன? ‘ஜிங்’. ஒலித்துண்டு காட்டுவது பெரும்பாலும் ஒரு சாயலைத்தான். எழுதிய வடிவம் அப்படியே நிற்க, பேச்சு நகர்ந்துபோனது முக்கியக் காரணம். கி.பி. 100இல் ஷூ ஷென் என்ற அறிஞர் 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளில் அடுக்கி அகராதி செய்தார். இந்த ஒட்டு எழுத்துகளுக்கு அவர் காட்டிய உதாரணமே இரண்டு ஆறுகள். அவற்றில் ஒன்று யாங்சியைக் குறித்த எழுத்து: இடப்பக்கம் மூன்று சொட்டு நீர், வலப்பக்கம் வேலையைக் குறிக்கும் ‘கொங்’. சீனாவின் பொதுமொழியான இன்றைய மாண்டரினில் அந்த ஆற்றெழுத்தின் ஒலி ‘ஜியாங்’. கொங் எங்கே, ஜியாங் எங்கே! ஆனால் ஹாங்காங்கில் பேசும் காண்டனீஸில் கேளுங்கள்: வேலை ‘குங்’, ஆறு ‘கொங்’. உறவு இன்னும் காதில் விழுகிறது. எனக்கு இந்த எழுத்துமுறையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். ஒரு பழைய உச்சரிப்பின் தடம் கோடுகளுக்குள் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம், எழுத்தைத் தனியாகப் படிப்பதோடு நிற்கக் கூடாது. அந்தக் கண்மணி எழுத்து இன்றைய பேச்சில் தனியாக வருவது அரிது. ‘யென்’ என்ற கண் எழுத்தோடு சேர்ந்து ‘யென்ஜிங்’ என்று வரும்போதுதான் அன்றாடப் பேச்சில் கண். ‘தயவுசெய்து’ எழுத்தை ‘ச்சிங் ஜின்’ (உள்ளே வாங்க) என்ற தொடராகவே பழகிக்கொண்டால் பொருளும் ஒலியும் சேர்ந்து நிற்கும். இப்படிச் சேர்த்துப் படிக்கும்போது ஓர் எழுத்து பல சொற்களைத் திறந்துவிடும். மின்சாரம் ‘தியென்’. அதோடு பேச்சு சேர்ந்தால் தியென்ஹுவா, தொலைபேசி. மூளை சேர்ந்தால் தியென்னாவ், கணினி. நிழல் சேர்ந்தால் தியென்யிங், அதாவது சினிமா. நிழற்படம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தச் சொல் ஒரு முறை கேட்டாலே போதும்.