துணிக்கு உலோகப் பூச்சு: பளபளப்பு வேண்டும், விறைப்பு கூடாது

சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளை ஒருமுறை கசக்கிவிட்டுப் பிரித்துப் பாருங்கள். சுருக்கம் போகாது. சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறமும் அதே வெள்ளி நிறம்தான். ஆனால் அதைக் கசக்கிக் கையை விட்டால் சரசரவென்று தானாகவே விரியப் பார்க்கும். இரண்டிலும் இருப்பது அலுமினியம். தாளின் தடிமன் ஏறத்தாழ 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நானோமீட்டர் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் அலுமினியமோ 30 முதல் 50 நானோமீட்டர், அதாவது முந்நூறில் ஒரு பங்கு, சிலவற்றில் ஐந்நூறில் ஒரு பங்கு. பாக்கெட்டைக் கழுவித் துடைத்து எரியும் பல்புக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் மங்கலாக ஊடுருவித் தெரியும்.

துணியை உலோகம் போலக் காட்டும் தொழில் முழுக்க இந்தத் தடிமன் வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது. டி-ஷர்ட்டில் தங்க எழுத்து, மலிவு விலைப் புடவையின் ஜரிகை, நாடக ராஜாவின் கவசம், விண்வெளி வீரரின் வெள்ளி உடை எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: பளபளப்பை விடாமல் எவ்வளவு மெல்லியதாகப் போகலாம்?

உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் அலைகின்றன. ஒளி வந்து மோதியதும் அவை அதோடு சேர்ந்து ஆடி, ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அலுமினியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பிவிடும். இந்த வேலை மேற்பரப்பின் முதல் சில பத்து நானோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே எத்தனை உலோகம் இருந்தாலும் பளபளப்புக்கு அது வெறும் சுமைதான்.

சரி, ஒளியைத் திருப்பினால் மட்டும் போதுமா? வெள்ளைக் காகிதமும் நிறைய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, ஆனால் யாரும் அதை உலோகம் என்று நினைப்பதில்லை. காகிதம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. உலோகம் ஒரே திசையில் அனுப்புகிறது. முந்தானையை லேசாக அசைத்தால் ஒரு வெளிச்சக் கோடு ஓடி மறைகிறதே, அதைப் பார்த்துத்தான் கண் ‘உலோகம்’ என்று முடிவு செய்கிறது. ஆகவே பரப்பு சமதளமாக இருக்க வேண்டும். துணியோ இழையும் இடைவெளியும் நீட்டிக்கொண்டிருக்கும் நார்முனைகளுமாக மேடு பள்ளமானது. தொல்லையெல்லாம் அங்கேதான்.

எளிய வழி, பொடி கலந்த பூச்சு. வெள்ளிப் பெயின்டில் இருப்பது உருண்டைத் துகள் அல்ல, செதில். பத்து இருபது மைக்ரான் அகலம், ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். ஒரு காலத்தில் அலுமினியத்தை உலர்ந்த நிலையில் இடித்துப் பொடியாக்கினார்கள். அலுமினியத் தூசு காற்றில் பரவினால் வெடிக்கும் என்பதால் அது ஆபத்தான வேலை. 1920களில் எவரெட் ஹால் என்ற அமெரிக்கர், கரைப்பான் எண்ணெயில் நனைத்து, உருளும் பீப்பாய்க்குள் இரும்புக் குண்டுகளோடு போட்டு அரைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அரைக்கும்போது சேர்க்கும் ஸ்டியரிக் அமிலம் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்வதோடு, பூசிய பின் அவற்றைப் பூச்சின் மேல்மட்டத்துக்கு மிதந்து வரவும் வைக்கிறது. பூச்சு உலரும்போது நீரோ கரைப்பானோ வெளியேறி, படலம் கனம் குறைந்து அமுங்குகிறது. அந்த அமுக்கத்தில் செதில்கள் படுத்துக்கொண்டு, கூரை ஓடுகள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. செதில்கள் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்திருக்கவில்லை, நடுவே பசைதான் இருக்கிறது. துணி மடங்கும்போது வளைவது அந்தப் பசைதான். செதில் சற்றே நகர்ந்துகொள்கிறது, அவ்வளவே.

அப்படியானால் பசை எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கதவுக்கு அடிக்கும் எனாமலைத் துணியில் பூசினால், காய்ந்து இறுகியதும் மடிப்பில் படபடவென்று வெடித்துவிடும். ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே கண்ணாடி போல விறைத்து நிற்கும், மேலே ரப்பர் போல இளகும். அக்ரிலிக் கண்ணாடிப் பலகைக்கு அது சுமார் 105 டிகிரி, எனவே நம் அறையில் அது கெட்டியாக இருக்கிறது. அதே அக்ரிலிக் குடும்பத்து பியூட்டைல் அக்ரிலேட்டுக்கு அது பூஜ்ஜியத்துக்குக் கீழே 50 டிகிரியை ஒட்டி இருக்கிறது. துணி அச்சுக்கான பசைகளில், அதாவது பைண்டர்களில், இந்த இளகிய வகையைத் தாராளமாகக் கலந்து, ஊட்டிக் குளிரிலும் விறைக்காதபடி செய்துவிடுகிறார்கள். பிறகு 150 டிகிரி அளவுக்குச் சில நிமிடம் சூடேற்றினால், பைண்டரின் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துவைத்தாலும் கரையாமல் நிற்கும். பட்டறைகளில் ‘கியூரிங்’ என்பது இதைத்தான்.

பளபளப்புக்கு ஆசைப்பட்டுப் பொடியை அள்ளிப் போட்டால், பிடித்துவைக்கப் பைண்டர் போதாமல் கையோடு உதிரும். பைண்டரைக் கூட்டினால் உதிராது, ஆனால் சாம்பல் நிறமாக மங்கும். கலக்கும் வேகத்திலும் கவனம் வேண்டும். வேகமான மிக்ஸரில் விட்டால் செதில்கள் ஒடிந்து மடங்கிப் போகும். சமதளம் போனால் பளபளப்பும் போயிற்று. கரடான பருத்தியில் ஒரு அடிப்பூச்சு கொடுத்துப் பள்ளங்களை நிரப்பி, அதன் மேல் வெள்ளியைப் பூசினால் வரும் வித்தியாசத்தை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

நீர்ப் பூச்சில் வெறும் அலுமினியச் செதிலைப் போட்டு மூடிவைப்பதும் நல்லதல்ல. அலுமினியம் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும், டப்பா உப்பும். அதனால் ஒன்று செதிலுக்கு சிலிக்கா உறை போடுகிறார்கள், அல்லது உலோகத்தையே விட்டுவிட்டுக் காக்காப்பொன் எனப்படும் மைக்காவுக்குப் போகிறார்கள். மைக்கா செதிலின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிய படலமாகப் படியவைத்தால், படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி தங்களுக்குள் கலந்து சில நிறங்களைக் கூட்டும், சிலவற்றைக் குறைக்கும். படலம் 50 நானோமீட்டர் அளவில் இருந்தால் வெள்ளி. இன்னும் கொஞ்சம் கனம் கூடினால் பொன். சாயமும் இல்லை, உலோகமும் இல்லை. கனத்தை மாற்றியே நிறத்தை மாற்றுகிறார்கள். கடையில் ‘தங்கப் பொடி’ என்று தருவது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைப் பொடியாக இருந்தால், வியர்வை பட்டுச் சில மாதங்களில் கறுக்கும் அல்லது பச்சை பூக்கும். மைக்காவுக்கு அந்தக் கவலை கிடையாது.

செதில் எத்தனை படுத்தாலும் அது சின்னச் சின்னக் கண்ணாடிகளின் கூட்டம்தான். ஒரே கண்ணாடி மாதிரி வேண்டுமென்றால் ‘பாயில்’ (foil) எனப்படும் உலோகம் படிந்த மெல்லிய தாள்தான் வழி. திருப்பூரில் டி-ஷர்ட் பிரிண்ட் செய்யும் பட்டறைக்குப் போனால் இதைப் பார்க்கலாம். முதலில் ஸ்கிரீன் வைத்து, எழுத்து வடிவத்தில் பசையை மட்டும் அச்சடிக்கிறார்கள். காய்ந்த பசை மேல் பாயிலை விரித்து, ஹீட் பிரஸ்ஸில் 160 டிகிரி அளவில் பத்து விநாடி போல அழுத்துகிறார்கள். பெரும்பாலும் சூடு ஆறிய பிறகே உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் இளகிய பசை பாயிலைப் பிடித்துக்கொள்ளாது, எழுத்தில் ஓட்டை விழும். உரித்ததும் பாலியெஸ்டர் தாள் கையோடு வந்துவிடும். பசை இருந்த இடத்தில் மட்டும் தங்கம் தங்கிவிடும்.

அந்தப் பாயிலில் அடுக்கடுக்காக வேலை இருக்கிறது. கீழே தாங்கும் பாலியெஸ்டர், அதன் மேல் சூட்டில் விட்டுக்கொடுக்கும் மெழுகு, பிறகு நிற அரக்கு, கடைசியாக அலுமினியம். அலுமினியத்தைப் பூச வெற்றிடக் கலத்துக்குள் கம்பியாக உள்ளே விட்டு, 1,500 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆவியாக்குகிறார்கள். குளிர்ந்த உருளை மேல் ஓடும் பாலியெஸ்டர் சுருளில் அந்த ஆவி படிந்து உறைகிறது. காற்று இருந்தால் அலுமினிய அணுக்கள் வழியிலேயே மோதிச் சிதறி ஆக்சைடாகிவிடும். அதனால்தான் வெற்றிடம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் தங்க நிறம். பாயிலில் தங்கம் கிடையாது. மஞ்சள் அரக்குக்குப் பின்னால் நிற்கும் அலுமினியம்தான் அது. பிளாஸ்டிக் ஜரிகையும் அப்படியே: உலோகம் படிந்த பாலியெஸ்டர் தாளுக்கு மஞ்சள் ஏற்றி, இழை இழையாக வெட்டியது. இஸ்ரோ செயற்கைக்கோள்களைப் போர்த்தியிருக்கும் பொன்னிறப் போர்வையைப் பார்த்து அசல் தங்கம் என்று நினைப்பவர்கள் நிறைய. அங்கேயும் பாலிஇமைடு என்ற தேன் நிறப் பிளாஸ்டிக் படலத்தின் பின்பக்கம் அலுமினியம் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். காஞ்சிபுரம் பட்டின் அசல் ஜரிகை வேறு ஜாதி. தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றித் தங்க முலாம் பூசுவது. அதிலும் தங்கம் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும் என்று கடைக்காரர் சொல்வது இந்த அடுக்கை வைத்துத்தான்.

1961-ல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்ட் அணிந்து பறந்த வெள்ளி உடை, அமெரிக்கக் கடற்படை விமானிகளின் மார்க் 4 அழுத்த உடையைத் தழுவி பி.எஃப். குட்ரிச் நிறுவனம் செய்தது. வெளிப்புறம் அலுமினியம் பூசிய நைலான். வெப்பக் கதிரையும் அலுமினியம் திருப்பிவிடும் என்பது அங்கே கூடுதல் ஆதாயம். தீயணைப்பு வீரர்களின் வெள்ளி உடைக்கும் அதுவே காரணம். மேடைக் கவசத்துக்கு இவ்வளவெல்லாம் வேண்டியதில்லை. தடித்த நூலில் பின்னிய சட்டைக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, இரும்பு வளையக் கவசமாகக் காட்டுவது நாடகக்காரர்களின் பழைய வித்தை. பத்தடி தூரத்தில் யாருக்கும் தெரியாது.

பாயில் விரிசல் விடுவதற்குக் காரணம் மடிப்பு இல்லை, இழுப்பு. வளைக்கும்போது பரப்பு எவ்வளவு நீள வேண்டும் என்பது, தடிமனை வளைவின் ஆரத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் வரும். தடிமன் குறைந்தால் நீட்சியும் குறையும். தாங்கிய பாலியெஸ்டரை உரித்து எறிந்துவிடுவதால் மிச்சமிருப்பது சில மைக்ரான் அரக்கும் மெத்தென்ற பசையும்தான், எனவே மடித்தால் தாங்கும். ஆனால் பனியன் துணியைத் தலைவழியே போட்டு இழுக்கும்போது, துணி நீளும் அளவுக்கு அரக்கால் நீள முடியாது. தீவு தீவாக உடைந்து கோடு விழும். சிலர் அதையே ஃபேஷன் என்று விற்கிறார்கள்.

துவைக்கும்போது இன்னொரு எதிரி, சலவைச் சோடா. அலுமினியம் காரத்தில் கரையும். 30 நானோமீட்டருக்குக் கையிருப்பு என்று எதுவும் இல்லை. சோடா கலந்த சூடான நீரில் ஊறவைத்தால், விரிசல் வழியாகக் காரம் புகுந்து உலோகத்தைத் தின்றுவிடும், வெறும் மஞ்சள் அரக்கு மட்டும் மிஞ்சும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் மென்மையான திரவ சோப்பில் அலசினால் போதும். இஸ்திரி போட வேண்டுமென்றால் மறுபக்கத்திலிருந்து போடுங்கள். நேராக வைத்தால் பசை மறுபடி இளகி, எழுத்து இஸ்திரிப் பெட்டிக்குப் போய்விடும்.