தொழில் செழிக்கும்போது வரும் பிணக்கு

தொழில் நொடித்து என்னிடம் குடும்பநல ஆலோசனைக்கு வரும் தம்பதிகளைவிட, எதிர்பாராமல் தொழில் செழித்ததால் வரும் தம்பதிகளிடம் பேச்சைத் தொடங்குவது கடினம். நஷ்டத்தைச் சொல்லி அழ உற்றார் உறவினர் இடம் கொடுப்பார்கள்; கை நிறையச் சம்பாதித்தும் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதை யாரிடம் சொல்வது? ஆகவே பெரும்பாலும் மாமியாரையோ கைப்பேசியையோ காரணம் காட்டித்தான் வருகிறார்கள்.

அடையாளங்களை மாற்றி ஒரு தம்பதியைக் குறிப்பிடுகிறேன். மனைவி அக்கம்பக்கத்தாருக்குச் சத்துமாவு அரைத்துக் கொடுத்துவந்தார். யாரோ வெளியிட்ட காணொளியால் வெளியூர் ஆர்டர்கள் குவிய, வருமானம் கணவரின் சம்பளத்தைத் தாண்டியது. "நீ எதற்கு அலைய வேண்டும்" என்ற நல்லெண்ணத்தில், ஜிஎஸ்டி பதிவு, நடப்புக் கணக்கு, அதனோடு இணைந்த கைப்பேசி எண் எல்லாம் கணவர் பெயரிலேயே அமைந்திருந்தன. வேலையாட்களுக்குக் கூலி அனுப்பும் ஒவ்வொரு முறையும் மனைவி அவரை அலுவலகத்தில் அழைத்து ஓடிபி கேட்க வேண்டியிருந்தது. கணவரும் சும்மா இருந்தவரல்லர். நள்ளிரவுவரை பொட்டலங்களில் முகவரிச் சீட்டு ஒட்டியவர். ஆனால் விசேஷ வீடுகளில், "முதலாளியம்மா உத்தரவு கொடுத்தால்தான் நமக்குச் சாப்பாடு" என்று அவர் சொல்லிவந்த வேடிக்கைக்கு ஒரு கட்டத்தில் மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

இதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. யாரைக் கேட்டு யார் செலவு செய்வது என்று வீட்டில் ஒருபோதும் வாய்விட்டுப் பேசாத ஏற்பாடு ஒன்று இருக்கும். வருமானம் திடீரெனப் பெருகும்போது அது குலைந்துபோக, இருவருமே தம் மரியாதை குறைந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

இந்துப் பெண் தன் திறமையாலும் உழைப்பாலும் ஈட்டிய சொத்து முழுமையாக அவருக்கே உரியது என்பதை 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு உறுதிசெய்கிறது. ஆயினும் எல்லா ஆவணங்களும் கணவர் பெயரில் இருந்தால் அந்த உழைப்பை நிறுவுவது எளிதன்று. ஜிஎஸ்டி பதிவு பான் எண்ணோடு பிணைந்தது என்பதால் பெயரை மட்டும் மாற்ற இயலாது. மனைவியின் பெயரிலோ, இருவரும் பங்குதாரர்களாக உள்ள கூட்டு நிறுவனத்தின் பெயரிலோ புதிதாகப் பதிய வேண்டும். ஆடிட்டரிடம் இருவரும் சேர்ந்தே போகச் சொல்வேன். பங்கு விகிதம் என்ன என்று அவர் கேட்கும்போதுதான், யார் எவ்வளவு உழைக்கிறார் என்பதைப் பலர் முதன்முறையாக எண்ணிப் பார்க்கிறார்கள்.

இத்தம்பதி மனைவிக்குப் பெரும்பங்கு வைத்துக் கூட்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். ஓடிபி இப்போது மனைவியின் எண்ணுக்கு வருகிறது. காலைச் சமையலையும் மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதையும் யார் பார்ப்பது என்பது ஒப்பந்தத்தில் அடங்காததால், அடுத்த சில அமர்வுகள் அதற்கே தேவைப்பட்டன.